நிறத்தில் தெரியும் இடைநிலைகள்: வகுப்பறைச் செய்முறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வினையின் நடுவே தோன்றி மறையும் இடைநிலைப் பொருள்களைக் கார்பன் நேரயனி (நேர்மின்சுமை கொண்டது), எதிரயனி (எதிர்மின்சுமை கொண்டது), தனி உறுப்பு (இணை சேராத எலக்ட்ரான் கொண்டது) என்று கரும்பலகையில் எழுதுகிறோம். சதுர அடைப்புக்குள் போட்டுவிட்டு அடுத்த அம்புக்குறிக்குப் போய்விடுகிறோம். மாணவர்களுக்கு அது கணக்கைச் சரிக்கட்ட யாரோ நடுவில் செருகிய கற்பனைப் பொருளாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அதைக் குழாயில் நிறமாகக் காட்டினால் அந்த எண்ணம் மாறும். இப்படிச் செய்து காட்டும்போதெல்லாம் ஆசிரியர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

இடைநிலைப் பொருள் கணநேரத்தில் மறைந்துவிடும் என்றுதானே படித்தோம்? அதை எப்படிக் கண்ணால் பார்க்க முடியும்?

பெரும்பாலானவற்றைப் பார்க்க முடியாது, உண்மைதான். மூவிணைய பியூட்டைல் நேரயனி தண்ணீரில் உருவானால் உடனே பக்கத்திலிருக்கும் நீர் மூலக்கூறு அதைப் பிடித்துக்கொள்ளும். அதோடு அதற்கு நிறமும் இல்லை.

நாம் செய்வது வேறு. அதே வகையைச் சேர்ந்த, ஆனால் நீண்ட நேரம் நிற்கக்கூடிய ஓர் உறவினரைக் காட்டுகிறோம். நேர்மின்சுமையைப் பல பென்சீன் வளையங்கள் பகிர்ந்துகொண்டால் அயனி நிலைக்கும். அந்தப் பகிர்வே அதற்கு நிறத்தையும் தருகிறது. ஆகவே நிலைத்தன்மையும் நிறமும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. இது நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. ஆனால் ‘உறவினரைத்தான் பார்க்கிறோம்’ என்று வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

முதன்முதலாக எதைச் செய்து காட்டலாம்?

டிரைபீனைல்மெத்தனால். வெள்ளைத் தூள். உலர்ந்த சோதனைக் குழாயில் 50 மில்லிகிராம் எடுத்து, 1 மில்லிலிட்டர் அடர் சல்பியூரிக் அமிலம் விடுங்கள். ஆழ்ந்த மஞ்சள் நிறம் வரும். ஹைட்ராக்சில் தொகுதி நீராக வெளியேற, மிஞ்சுவது டிரைபீனைல்மெத்தில் நேரயனி. டிரிட்டில் நேரயனி என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

இதை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அளவைப் பெருக்காதீர்கள், பின்வரிசைக்குத் தெரியவில்லை என்றால் குழாய்க்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் போதும்.

தூளும் வெள்ளை, அமிலமும் நிறமற்றது. மஞ்சள் எங்கிருந்து வந்தது?

ஆல்கஹாலில் மையக் கார்பன் நான்கு பிணைப்புகளோடு நான்முகியாக நிற்கிறது. மூன்று வளையங்களும் அதில் தொங்குகின்றன, ஆனால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழியில்லை. அவை உறிஞ்சுவது புற ஊதா ஒளியை மட்டும்.

நேரயனி ஆனதும் அந்தக் கார்பன் தட்டையாகிறது. அதன் காலி ஆர்பிட்டால் வழியாக மூன்று வளையங்களின் பை எலக்ட்ரான்களும் ஒரே அமைப்பாகின்றன. எலக்ட்ரான் மேலே தாவத் தேவையான ஆற்றல் குறைகிறது. சுமார் 400 முதல் 435 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீல ஒளி உறிஞ்சப்பட, மிச்ச ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. வளையங்கள் ஒன்றையொன்று இடிப்பதால் முழுக்கத் தட்டையாகப் படுக்க முடியாமல் விசிறி இறக்கைகள் போலச் சற்றுத் திரும்பி நிற்கும். இருந்தாலும் பகிர்வு நடக்கிறது.

அடர் சல்பியூரிக் அமிலம் சர்க்கரையைக்கூடக் கருக்கிவிடும். இந்த மஞ்சளும் அப்படிக் கருகியதால் வந்ததில்லை என்று எப்படி நம்புவது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு மாணவி இதைக் கேட்டபோது அடுத்த பத்து நிமிடப் பாடத்தை நிறுத்திவிட்டுச் சோதனையைத் தொடர்ந்தோம். கேள்வி வராவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கருகினால் திரும்பி வராது. மஞ்சள் கரைசலைச் சொட்டுச் சொட்டாகப் பனிக்கட்டி நீரில் விடுங்கள். நிறம் அப்போதே போய், வெள்ளைத் திண்மம் பிரியும். கழுவி உலர்த்தி உருகுநிலை பார்த்தால் 162 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். நாம் போட்ட அதே ஆல்கஹால். இன்னொரு பங்கை நன்றாகக் குளிரவைத்த மெத்தனாலில் மெதுவாக ஊற்றுங்கள். (மெத்தனாலை அமிலத்தின் மேல் ஊற்றக் கூடாது, சூடாகித் தெறிக்கும்.) இப்போதும் வெள்ளைத் திண்மம்தான், ஆனால் இது 82 முதல் 84 டிகிரியில் உருகும் மெத்தில் ஈதர். ஒரே மஞ்சள் கரைசல், நீரைக் கண்டால் ஆல்கஹால், மெத்தனாலைக் கண்டால் ஈதர். நடுவில் எலக்ட்ரானுக்கு ஏங்கும் ஒரு கார்பன் காத்திருந்தது என்பதற்கு இதைவிட எளிய சான்று வகுப்பறையில் கிடைக்காது.

மேல்வகுப்பு என்றால் இன்னொன்றும் சொல்லலாம். இந்த ஆல்கஹாலைக் கரைத்தால் சல்பியூரிக் அமிலத்தின் உறைநிலை, ஒரு மூலக்கூறுக்கு ஒரு துகள் என்று கணக்கிட்டால் வருவதைப்போல் நான்கு மடங்கு இறங்குகிறது. டிரிட்டில் நேரயனி ஒன்று, ஹைட்ரோனியம் அயனி ஒன்று, பைசல்பேட் அயனி இரண்டு. மொத்தம் நான்கு. ஆல்கஹால் வெறுமனே புரோட்டான் ஏற்று நின்றிருந்தால் துகள் இரண்டுதான் வந்திருக்கும்.

அடர் அமிலத்தைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. அவர்களே செய்யும்படி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. கிரிஸ்டல் வயலெட் சாயமும் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடும். நூறாயிரத்தில் ஒரு பங்கு மோலார் அளவுக்கு நீர்த்த ஊதாக் கரைசலை எடுத்து, அதே அளவு 0.05 மோலார் காரத்தைச் சேர்த்தால் சில நிமிடங்களில் ஊதா வெளிறி நிறமற்றதாகிவிடும். ஹைட்ராக்சைடு அயனி மையக் கார்பனைத் தாக்கி ஆல்கஹாலாக மாற்றுகிறது. டிரிட்டில் சோதனையில் நீர் செய்த வேலையை இங்கே ஹைட்ராக்சைடு செய்கிறது, ஆனால் நிதானமாக. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

சாயம் தோலில் பட்டால் நாள்கணக்கில் போகாது, உடலுக்கும் நல்லதல்ல. தூளை ஆசிரியர் எடைபோட்டுக் கரைத்து, நீர்த்த கரைசலை மட்டும் பிள்ளைகளிடம் கொடுங்கள். காரம் கண்ணுக்குக் கெடுதி, எனவே கண்ணாடி இங்கேயும் உண்டு.

கிரிஸ்டல் வயலெட் புட்டியில் விற்கும் சாயம். அதைப் போய் இடைநிலை என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. ‘டிரிட்டில் நேரயனியின் நெருங்கிய உறவினர், மிக அமைதியானவர்’ என்று சொல்லலாம். டிரிட்டிலின் மூன்று வளையங்களிலும் ஒவ்வொரு டைமெத்தில்அமினோ தொகுதியை ஒட்டினால் கிரிஸ்டல் வயலெட். நைட்ரஜன்கள் தங்கள் தனி எலக்ட்ரான் இணையைத் தந்து நேர்மின்சுமையைத் தாங்கிக்கொள்கின்றன.

இந்தத் தாங்கலை எண்ணால் காட்டலாம். பாதி ஆல்கஹாலாகவும் பாதி நேரயனியாகவும் இருக்கும் அமிலத்தன்மையைப் பிஎச் போன்ற ஓர் அளவுகோலில் குறித்தால், டிரிட்டிலுக்கு அது சுமார் −6.6. அதாவது சாதாரண நீர்த்த அமிலத்தில் அது எட்டிக்கூடப் பார்க்காது. மூன்று வளையங்களிலும் மெத்தாக்சி இருந்தால் +0.8. இரண்டு டைமெத்தில்அமினோ கொண்ட மாலகைட் கிரீனுக்கு 6.9. கிரிஸ்டல் வயலெட்டுக்கு 9.4. ஒரே எலும்புக்கூடு, பத்தின் பதினாறாம் அடுக்கு வேறுபாடு! இந்த நான்கு எண்களையும் பலகையில் எழுதிவிட்டால், பதிலித் தொகுதிகளின் விளைவு பற்றி நான் தனியாகப் பேச வேண்டிய தேவை பாதி குறைந்துவிடுகிறது.

காரத்துக்குப் பதில் அமிலம் விட்டுப் பார்த்தேன். ஊதா பச்சையாகி, அப்புறம் மஞ்சளாகிவிட்டது. இது என்ன வினை?

நல்ல வேளை, விட்டுப் பார்த்தீர்கள். பலரும் தவறவிடும் அழகு இது.

மையக் கார்பனுக்கு எதுவும் ஆகவில்லை. அமிலத்தின் புரோட்டான் ஒரு நைட்ரஜனின் எலக்ட்ரான் இணையைப் பிடித்துக்கொள்கிறது. மூன்று கைகளில் ஒன்று கட்டப்பட்டுவிட்டது; தாங்க மிஞ்சியவை இரண்டு. இரண்டு கைகளோடு பிறந்த உறவினர் யார்? மாலகைட் கிரீன். அதனால்தான் பிஎச் 1 அருகே கரைசல் பச்சையாகிறது. இரண்டுமே 620 நானோமீட்டரை ஒட்டி உறிஞ்சுகின்றன. அமிலம் இன்னும் கூடினால் இரண்டாவது கையும் கட்டப்படும். அப்போது வரும் மஞ்சளை, மேலே பார்த்த டிரிட்டிலின் மஞ்சளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நீரைச் சேர்த்து நீர்த்தால் மஞ்சள், பச்சை, ஊதா என்று வந்த வழியே திரும்பும். ஒரே குழாயில் மூன்று நேரயனிகள் நடந்துபோவது போல இருக்கும். நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பினால்ப்தலீனும் காரம் அதிகமானால் இளஞ்சிவப்பை இழக்கிறதே. அதுவும் இதேதானா?

ஏறக்குறைய. பிஎச் 8.2-க்கு மேல் அது இரண்டு எதிர்மின்சுமைகள் கொண்ட இளஞ்சிவப்பு எதிரயனி. காரம் நிறையச் சேர்ந்தால் ஹைட்ராக்சைடு மையக் கார்பனைத் தாக்கி, நிறமற்ற ஆல்கஹால் வடிவத்துக்குக் கொண்டுபோகிறது. தாக்கப்படும் இடம் ஒன்றுதான். வேறுபாடு, கிரிஸ்டல் வயலெட் மொத்தத்தில் நேர்மின்சுமை கொண்டது, பினால்ப்தலீனின் நிறமுள்ள வடிவம் எதிர்மின்சுமை கொண்டது. இது பின்னால் ஒரு கேள்விக்கு உதவும். அடர் சல்பியூரிக் அமிலத்தில் இதே பினால்ப்தலீன் ஆரஞ்சு சிவப்பாகும். அங்கே அதுவும் டிரிட்டில் வகை நேரயனிதான்.

ஆல்கீனில் புரோமின் நீரை விட்டால் பழுப்பு மறைகிறது. நடுவில் உருவாகும் புரோமோனியம் அயனியை (இரு கார்பன்களையும் பாலம்போலப் பிடித்த, நேர்மின்சுமையுள்ள புரோமின்) காட்டிவிட்டேன் என்று சொல்லலாமா?

வேண்டாம். பழுப்பு புரோமினுடையது. அது மறைந்தால் புரோமின் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நடுவில் என்ன நின்றது என்று அந்த நிறம் சொல்லவில்லை. எந்தச் செய்முறையிலும் முதலில் கேட்க வேண்டியது, ‘இது யாருடைய நிறம்?’ வினைபடுபொருளா, விளைபொருளா, நடுவில் வந்ததா?

புரோமோனியத்துக்குச் சான்று வேறிடத்தில் இருக்கிறது. சாதாரண உப்பு கரைந்த புரோமின் நீரில் எத்திலீனைச் செலுத்தினால், இருபுரோமோ சேர்மத்தோடு ஒரு புறம் புரோமினும் மறுபுறம் குளோரினும் கொண்ட சேர்மமும் கிடைக்கிறது. இரண்டு புரோமினும் ஒரே அடியில் சேர்ந்திருந்தால் குளோரைடு நுழைய இடமே இருந்திருக்காது. உப்புநீர் தனியாக எத்திலீனோடு வினைபுரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சான்று வலுவானது, ஆனால் கண்ணால் காண்பதல்ல.

அப்படியானால் நிறமே இல்லாத இடைநிலையை நிறத்தால் காட்டவே முடியாதா?

நேராக முடியாது. சுற்றி வளைத்து முடியும். அசிட்டோனும் அயோடினும் அமிலத்தில் வினைபுரிவதை எடுத்துக்கொள்ளுங்கள். 4 மோலார் அசிட்டோன், 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 0.005 மோலார் அயோடின் கரைசல் ஆகியவற்றைச் சம அளவில் கலந்தால் அறை வெப்பநிலையில் இரண்டு நிமிடத்தை ஒட்டி மஞ்சள் மறையும். அயோடினின் செறிவை இருமடங்காக்கிப் பாருங்கள். நேரமும் இருமடங்காகும். நிறைய அயோடின் இருந்தும் அது தீரும் வேகம் கூடவில்லை. புரோமினை வைத்துச் செய்தாலும் வேகம் அதேதான்.

ஏன்? அயோடின் காத்துக்கொண்டிருக்கிறது. அசிட்டோன் மெதுவாக ஈனாலாக, அதாவது இரட்டைப் பிணைப்புள்ள கார்பனில் ஹைட்ராக்சில் கொண்ட வடிவமாக, மாறுகிறது. மாறிய உடனே அயோடின் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஈனாலை யாரும் பார்க்கவில்லை, ஆனால் வேகத்தை நிர்ணயிப்பது அது உருவாகும் படிதான். கூர்ந்து கவனித்தால், நிறம் ஒரே சீராகக் குறைந்து சட்டென்று நின்றுவிடும். கிரிஸ்டல் வயலெட்டில் முதலில் வேகமாகவும் கடைசியில் இழுத்துக்கொண்டும் போகும். மறையும் விதத்திலேயே பாடம் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை, இதில் உருவாகும் அயோடோஅசிட்டோன் கண்ணெரிச்சல் தரும். சிறிய அளவில், காற்றோட்டமான இடத்தில் செய்து, குழாயை மூடி வையுங்கள்.

தனி உறுப்புக்கு நிறமுள்ள உதாரணம் இருக்கிறதா?

முதன்முதலில் இனங்காணப்பட்ட கரிமத் தனி உறுப்பே நிறமுள்ளதுதான். 1900-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பர்க், ஆறு பீனைல் தொகுதிகள் கொண்ட ஈத்தேனைச் செய்ய முயன்றார். டிரிட்டில் குளோரைடிலிருந்து குளோரினை உலோகத்தால் பிடுங்கினார். கிடைத்த வெள்ளைப் பொருளில் ஆக்சிஜன் இருந்தது. காற்றை விலக்கிச் செய்தபோது மஞ்சள் கரைசல் வந்தது. காற்று பட்டதும் நிறம் போய்ப் பெராக்சைடு ஆனது. அந்த மஞ்சள் டிரிட்டில் தனி உறுப்பு என்றார். சரிதான் என்று காலம் காட்டியது. ஆனால் கரைசலில் அதோடு சமநிலையில் இருக்கும், இரு தனி உறுப்புகள் இணைந்த இரட்டை மூலக்கூறு அவர் தேடிய ஈத்தேன் அல்ல, ஒரு வளையத்தின் கோடியில் ஒட்டிக்கொண்ட வேறு அமைப்பு என்பது 1968-இல்தான் உறுதியானது.

மஞ்சள் கரைசலைக் காற்றோடு குலுக்கினால் நிறம் போகும். சற்று வைத்திருந்தால் இரட்டை மூலக்கூறு உடைந்து மஞ்சள் திரும்ப வரும். மறுபடி குலுக்கலாம். டொலுவீன், துத்தநாகத் தூள், டிரிட்டில் புரோமைடு கொண்டு ஃபியூம் ஹுட்டுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டு) ஆசிரியர் செய்யலாம். வகுப்புக்கு எளியது டிபிபிஎச் எனப்படும் நிலையான தனி உறுப்பு. எத்தனாலில் ஆழ்ந்த ஊதா, 517 நானோமீட்டரை ஒட்டி உறிஞ்சும். வைட்டமின் சி கரைசலில் சில சொட்டு விட்டால் ஹைட்ரஜனை ஏற்று வெளிர்மஞ்சளாகும்.

டிரிட்டில் நேரயனியும் மஞ்சள், தனி உறுப்பும் மஞ்சள். குழாயைப் பார்த்து எது எது என்று எப்படிச் சொல்வது?

பார்த்துச் சொல்ல முடியாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: நிறம் ஓர் அடையாள அட்டை அல்ல. என்ன செய்தால் நிறம் போகிறது என்பதே அடையாளம். நீரோ மெத்தனாலோ பட்டதும் போனால் நேரயனி. நீரைப் பொருட்படுத்தாமல், காற்று பட்டதும் போனால் தனி உறுப்பு. அதே எலும்புக்கூட்டின் எதிரயனி ஆழ்ந்த சிவப்பு. நீரும் அதைக் கொல்லும், காற்றும் கொல்லும். அதற்கு ஈரமில்லாத கரைப்பானும் மிக வலிமையான காரமும் வேண்டும் என்பதால் வகுப்பறையில் முயல வேண்டாம்.

அசோ சாயம், நீலக் குடுவை இவற்றையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா?

அசோ சாயத்தில் இடைநிலையான பென்சீன்டையசோனியம் உப்புக்கு நிறமில்லை. பீட்டா நாப்தாலோடு சேர்ந்து வரும் ஆரஞ்சு சிவப்பு விளைபொருளுடையது. நீலக் குடுவையில் மெத்திலின் நீலம் குளுக்கோசால் ஒடுக்கமடைந்து நிறமிழக்கிறது, குலுக்கினால் ஆக்சிஜன் அதை மீட்கிறது, நிறம் வினையூக்கியுடையது. இரண்டும் அருமையான செய்முறைகள். வேறு பாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு சேர்த்து நேரம் எடுத்தேன். கிரிஸ்டல் வயலெட் மங்குவது தாமதமாகிறது, பினால்ப்தலீன் மங்குவது வேகமாகிறது. எங்கே பிழை?

பிழையே இல்லை, கவனமாகச் செய்திருக்கிறீர்கள். மேலே சொன்ன மின்சுமை வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள். நேர்மின்சுமையுள்ள சாயமும் எதிர்மின்சுமையுள்ள ஹைட்ராக்சைடும் ஒன்றையொன்று ஈர்க்கும். உப்பின் அயனிகள் சூழ்ந்துகொண்டால் ஈர்ப்பு மட்டுப்படும், வினை தாமதமாகும். பினால்ப்தலீனில் இரண்டும் எதிர்மின்சுமை. விலக்கல் மட்டுப்படுவதால் வினை வேகமாகும். ஆகவே வேகத்தை நிர்ணயிக்கும் படியில் எந்தெந்த மின்சுமைகள் சந்திக்கின்றன என்பதை ஒரு கரண்டி உப்பு சொல்லிவிடுகிறது. வேறுபாடு சட்டென்று கண்ணுக்குப் படாது. கடிகாரமும், ஒப்பிட உப்பில்லாத குழாயும் வேண்டும்.

கிளர்வு அணைவுக்கும் (பழைய பிணைப்பு பாதி முறிந்து புதியது பாதி உருவான நிலை) நிறம் உண்டா என்று ஒரு மாணவர் கேட்டார். என்ன சொல்வது?

ஆற்றல் வரைபடத்தில் இடைநிலைப் பொருள் ஒரு பள்ளம், கிளர்வு அணைவு ஒரு உச்சி. பள்ளத்தில் நிற்கலாம். உச்சியில் நிற்க முடியாது. ஓர் அதிர்வு நேரத்தில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ உருண்டுவிடும். புட்டியில் பிடித்து நிறம் பார்க்கும் பேச்சே அங்கே இல்லை.

சொன்னபடியே செய்தும் எனக்கு நிறம் மாறவில்லை. என்ன தவறு?

டிரிட்டில் மஞ்சள் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். குழாய் நனைந்திருக்கும், அல்லது அமிலப் புட்டி பல நாள் திறந்து நீரை இழுத்திருக்கும். அமிலம் பாதிக்கு மேல் நீர்த்துவிட்டால் நிறம் வெளிறும்.

கிரிஸ்டல் வயலெட் மங்கவில்லை என்று சொன்னவர்களில் சிலர் சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் சோடியம் பைகார்பனேட்டைப் போட்டிருந்தார்கள். அதன் பிஎச் 8.3 அளவில். மேலே கொடுத்த 9.4 என்ற எண்ணைப் பாருங்கள். அந்தக் கரைசலில் ஊதா போக வேண்டிய அவசியமே இல்லை. சாயம் கெட்டியாக இருந்தாலும் மங்கியது தெரியாது. குழாய்க்குப் பின்னால் பிடித்த அச்செழுத்தைப் படிக்க முடிகிற அளவுக்கு நீர்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வகுப்பறைக்கு மட்டும்தானா? உண்மையான ஆய்வகத்தில் யாராவது இந்த நிறத்தைப் பயன்படுத்துகிறார்களா?

டிஎன்ஏ இழையைச் செயற்கையாகக் கோக்கும் கருவிகள் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு கண்ணியின் ஒரு முனையையும் இரண்டு மெத்தாக்சி கொண்ட டிரிட்டில் தொகுதி மூடியிருக்கும். இந்த மூடியை 1960-களில் ஹர் கோவிந்த் கொரானாவின் குழு அறிமுகப்படுத்தியது. அடுத்த கண்ணியைச் சேர்க்கும் முன் அமிலம் விட்டு மூடியைக் கழற்றுவார்கள். கழன்று வருவது பளிச்சென்ற ஆரஞ்சு நேரயனி. அது 498 நானோமீட்டரில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளந்தால், முந்தைய சுற்றில் எத்தனை சதவீதம் கண்ணிகள் சேர்ந்தன என்று தெரிந்துவிடும். ஒரு சுற்றில் ஆரஞ்சு திடீரென்று வெளிறினால், அதற்கு முந்தைய இணைப்பு பிசகிவிட்டது என்று புரிந்துகொண்டு கருவியை நிறுத்திப் பார்ப்பார்கள்.